தேடுபவரைத் தண்டிக்காதீர்கள்: பால் பவுடர் ஆலைகளைப் பற்றி ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்பு ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற கார்த்திகையில் ஓர் இரவு என் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். அவள் மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். எட்டாம் மாதமே குழந்தை பிறந்துவிட்டது. பத்து நாள் இன்குபேட்டரில் இருந்துவிட்டு வீடு வந்த பிள்ளை. தாய்ப்பால் போதவில்லை என்று மருத்துவர் பால் பவுடர் எழுதிக் கொடுத்திருந்தார். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை வீறிட்டது. தங்கை எழுந்து, மாலையில் பிளாஸ்கில் ஊற்றி வைத்திருந்த வெந்நீரைப் புறங்கையில் விட்டுப் பார்த்தாள். கை பொறுக்கும் சூடு. பவுடரைப் போட்டுக் கலக்கினாள். பால் புகட்டும் பாலாடையை எடுத்தபோது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இதைக் கொட்டிவிடு. தண்ணீரைத் திரும்பக் கொதிக்க வைக்கலாம்."

"ஏன் அக்கா? டப்பாவிலேயே இப்படித்தானே போட்டிருக்கிறது?"

விளக்கைப் போட்டு வாசித்தேன். கொதிக்க வைத்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் கலக்கவும் என்றுதான் இருந்தது. அவள் மேல் எந்தத் தவறும் இல்லை. தவறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதில் என் பங்கும் உண்டு. அதனால்தான் இந்த மடல்.

திருவையாற்றுக்கும் பாபநாசத்துக்கும் நடுவே குடமுருட்டி ஆற்றங்கரையில் என் ஊர். படித்து முடித்ததும் வேறு மாவட்டத்தில் ஒரு பால் பவுடர் ஆலையின் ஆய்வகத்தில் சேர்ந்தேன். 26 ஆண்டுகள் அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஆலையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஓர் ஆலையைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால் மற்ற ஆலைகள் தம்மைப் பற்றியதல்ல என்று இருந்துவிடும். நான் எழுதுவது எல்லா ஆலைகளுக்கும் பொருந்துவது.

பவுடர் டப்பாவுக்குள் இருப்பது ஊசி மருந்தைப் போலக் கிருமியே இல்லாத பொருள் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். அப்படி இல்லை. பாலைப் பாஸ்சுரைஸ் செய்கிறோம். வெற்றிடத்தில் குறைந்த சூட்டில் சுண்டவைக்கிறோம். பிறகு மாடிக் கட்டடம் உயரமுள்ள டிரையர் என்னும் உலர்த்தும் கலத்தின் உச்சியிலிருந்து பனித்தூறலாகப் பீய்ச்சுகிறோம். அதோடு உள்ளே வரும் காற்று 180 டிகிரி, 200 டிகிரி இருக்கும். அதைக் கேட்டவுடன் எந்தக் கிருமி பிழைக்கும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு துளியும் தன் ஈரத்தை ஆவியாக்கிக்கொண்டே விழுவதால், துளிக்குள் அந்தச் சூடு ஏறுவதில்லை. கிருமியைக் கொல்லும் பொறுப்பு பாஸ்சுரைசருக்கு மட்டும்தான். டிரையரைத் தாண்டிய பிறகு பவுடர் ஆறும் படுகை, சல்லடை, சேமிப்புக் கலம், பை நிரப்பும் இயந்திரம் என்று நீளும் வழியில் அதைச் சூடாக்கும் இடம் ஒன்றுகூட இல்லை. அந்த வழியில் ஒட்டிக்கொண்ட கிருமி நேராக டப்பாவுக்குள் போகும்.

அப்படி ஒட்டிக்கொள்பவற்றில் இரண்டைக் குறித்துத்தான் பச்சிளங்குழந்தைக்காக அதிகம் அஞ்ச வேண்டும். ஒன்று சால்மொனெல்லா. மற்றொன்று குரோனோபாக்டர் சகசாக்கி. ஜப்பானிய நுண்ணுயிரியலாளர் ஒருவரின் பெயரைக் கொண்ட இந்த இரண்டாவது கிருமி, ஈரம் வற்றினால் சாகாமல் சுருண்டு கிடக்கும். பால் பவுடரில் இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு இருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெதுவெதுப்பான நீர் பட்டதும் எழுந்து பெருகும். 1958 இல் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் இரண்டு பச்சிளங்குழந்தைகள் இதனால் இறந்தன. அதற்கு நெடுநாள் கழித்து 2001 இல், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஒரு குழந்தை மூளைக்காய்ச்சலில் இறந்தது. அங்கே பயன்படுத்திய பவுடரைச் சோதித்தபோது, திறக்காத டப்பாவிலும் அதே கிருமி இருந்தது. தாயின் கையோ செவிலியரின் கையோ அந்த டப்பாவைத் தொட்டிருக்கவில்லை. கிருமி ஆலையிலிருந்தே வந்திருந்தது.

இந்த நோய் மிக அரிது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் வீண் பீதியைக் கிளப்பியவளாவேன். புட்டிப்பால் குடிக்கும் லட்சக்கணக்கான குழந்தைகளில் மிகச் சிலவற்றுக்கே வரும். இரண்டு மாதம் நிறையாத குழந்தை, குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை இவற்றுக்குத்தான் ஆபத்து அதிகம். ஆனால் மூளைக்காய்ச்சலாக முற்றினால் பத்தில் நான்கு குழந்தைகள் வரை இறக்கக்கூடும். பிழைத்த குழந்தைக்கும் மூளையில் சீழ்க்கட்டி, வளர்ச்சிக் குறைபாடு என்று வாழ்நாள் முழுவதும் துயரம் தொடரக்கூடும். அரிது என்ற சொல் அந்த ஒரு வீட்டுக்கு எந்த ஆறுதலும் தராது.

இனி ஆலைக்குள் வருகிறேன். டெல்டாக்காரர்களுக்கு ஈரத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்தின் வாசலில் நெல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு, 17 சதவீதத்துக்கு மேல் ஒரு புள்ளி ஏறினாலும் மூட்டையைத் திருப்பிவிடுவார்களே என்று வானத்தைப் பார்த்து நின்றவர்கள் நாங்கள். குதிரில் ஒரு மூலை நனைந்தால் என்ன ஆகும் என்று என் பாட்டிக்கு எந்த ஆய்வகமும் சொல்லித் தரவில்லை. பால் பவுடரில் ஈரப்பதம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அந்த வறட்சியில் எந்தக் கிருமியும் பெருகாது, உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்க மட்டுமே முடியும். ஆலையில் எங்கோ ஒரு கை அகலத்துக்குப் பவுடரும் ஈரமும் சேர்ந்துவிட்டால் மட்டுமே அது பெருகும். கூரையிலிருந்து சொட்டும் ஒரு துளி போதும். குளிர்ந்த குழாயின் மேல் வியர்க்கும் நீர் போதும்.

இதில் நம் வளர்ப்பே நமக்கு எதிரியாகிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால்தான் சுத்தம் என்று வளர்ந்தவர்கள் நாம். வாசல் தெளிப்பதிலிருந்து பாத்திரம் விளக்குவது வரை எல்லாவற்றுக்கும் தண்ணீர். பவுடர் அறையில் அதே தண்ணீர்தான் கிருமிக்குச் சோறு போடுகிறது. அங்கே உறிஞ்சு கருவியாலும் உலர்ந்த துணியாலும் மட்டுமே துப்புரவு செய்ய வேண்டும். பால் வந்து இறங்கும் ஈரப்பகுதியில் போட்ட காலணியோடு பவுடர் பகுதிக்குள் யாரும் நுழையக் கூடாது. எங்கள் ஆலையில் இந்த விதி எழுதி மாட்டப்பட்டிருந்தது. ஆனால் மேலதிகாரி வருகிறார் என்றால் முதல் நாள் இரவு குழாயைத் திறந்துவிட்டுத் தரையைப் பளபளவென்று கழுவச் சொல்வார்கள். துப்புரவுப் பெண்கள் ஒப்பந்தக் கூலிகள். கழுவு என்றால் கழுவுவார்கள், கழுவாதே என்றால் நிறுத்துவார்கள். ஏன் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

அந்தப் பெண்களில் ஒருவர்தான் எனக்கு அந்த இடத்தைக் காட்டினார்.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி. அடைமழை. சல்லடை அறைக்கு மேலே கூரைத் தகடு ஒன்றின் ஆணி தளர்ந்து மழைநீர் உள்ளே சொட்டியது. தார்ப்பாயைப் போட்டு அடைத்துவிட்டு உற்பத்தி தொடர்ந்தது. மழை விட்டு நான்கைந்து நாள் இருக்கும். அந்தப் பெண் ஆய்வக வாசலில் வந்து நின்று, "சல்லடைக் காலுக்கு அடியில் ஓர் இடம் காயவே மாட்டேன் என்கிறது அம்மா" என்றார். போய்க் குனிந்து பார்த்தேன். இயந்திரத்தின் இரும்புக் காலும் தரையும் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். அதற்குள் பவுடர் குழைந்து களிபோல் இருந்தது. பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்தேன். அறை மூலையில் இருந்த வடிகாலின் மூடியிலும் ஒற்றினேன். இரண்டையும் கிருமி வளர்க்கும் தட்டில் இட்டு 37 டிகிரியில் வைத்தேன். மறுநாள் காலையில் திறந்தால் தட்டு முழுக்கக் கருஞ்சிவப்புப் புள்ளிகள். சால்மொனெல்லாவும் குரோனோபாக்டரும் சேர்ந்த பெரிய குடும்பத்தின் அடையாளம் அது. அந்தக் குடும்பத்தில் எது என்று சொல்ல அடுத்த கட்டச் சோதனை செய்ய வேண்டும்.

அந்த அடுத்த கட்டச் சோதனை நடக்கவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு பொறுப்பாளரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் அல்லர், இதைப் பலமுறை யோசித்த பிறகே எழுதுகிறேன். தட்டுகளைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. அவர் கேட்ட முதல் கேள்வி, "அங்கே ஏன் ஒற்றினீர்கள்? அது பட்டியலில் இல்லையே?" என்பது. பவுடரைச் சோதித்தோம். விதிப்படி எடுத்த எல்லா மாதிரிகளும் சுத்தமாக வந்தன. அந்த பேட்ச், அதாவது ஒரே தடவையில் செய்த பவுடர்த் தொகுதி, வெளியே போயிற்று. விரிசலைச் சிமெண்ட் பூசி அடைத்தார்கள். அடுத்த மாதம் ஸ்வாப், அதாவது பஞ்சுக் குச்சி ஒற்று, எடுக்கும் இடங்களின் பட்டியல் புதிதாகத் தட்டச்சாகி வந்தது. அதில் சல்லடையின் அடியும் இல்லை, வடிகாலும் இல்லை. கதவுக் கைப்பிடி, மேசையின் மேற்பரப்பு, சுவர் என்று எப்போதும் சுத்தமாக இருக்கும் இடங்கள் மட்டும் இருந்தன. கீழே ஆய்வகம் சார்பில் கையெழுத்திட ஒரு கோடு. நான் கையெழுத்திட்டேன். என் இரண்டு பிள்ளைகளும் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். அதை நியாயமாகச் சொல்லவில்லை, காரணமாகச் சொல்கிறேன்.

அந்த பேட்ச்சால் எந்தக் குழந்தைக்காவது தீங்கு நேர்ந்ததா? எனக்குத் தெரிய வழியே இல்லாதபடி நம் முறை அமைந்திருக்கிறது.

ஐயா, ஒவ்வோர் ஆண்டும் உங்கள் துறையினர் ஆலைக்கு வந்தார்கள், பவுடர் மாதிரி எடுத்தார்கள், பதிவேடுகளைப் பார்த்தார்கள். 26 ஆண்டுகளில் ஒருவர்கூட, "உங்கள் தரையில் என்ன கிடைத்தது?" என்று என்னிடம் கேட்டதில்லை. பவுடர் மாதிரி சுத்தமாக இருந்தால் எல்லாம் சுத்தம் என்பதே கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு ஓட்டையானது என்று பாருங்கள். குழந்தைப் பவுடருக்கான கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தர நெறி, ஒரு பேட்ச்சிலிருந்து 10 கிராம் வீதம் 30 மாதிரிகள் எடுத்துக் குரோனோபாக்டரைத் தேடச் சொல்கிறது. ஒன்றில்கூட இருக்கக் கூடாது. கேட்கக் கடுமையான விதிதான். ஆனால் பேட்ச்சை 10 கிராம் பங்குகளாகப் பிரித்து, நூற்றில் ஒரு பங்கில் கிருமி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 30 மாதிரிகளில் ஒன்றில்கூட அது சிக்காமல் போக 74 சதவீத வாய்ப்பு இருக்கிறது. டன் கணக்கான பவுடரிலிருந்து 300 கிராம் எடுத்துத் தேடுகிறோம். கிருமி பவுடரில் சீராகக் கலந்திருக்காது, தரையிலிருந்து ஒரு கட்டியாக விழுந்திருக்கும். மாதிரி சுத்தம் என்று நான் எழுதிய ஒவ்வொரு தாளும் உண்மைதான். அந்த உண்மை போதாது.

தரையையும் வடிகாலையும் இடுக்கையும் தேடினால்தான் கிருமி டப்பாவுக்குப் போகும் முன்னால் பிடிபடும். ஆனால் தேடினால் கிடைத்துவிடும். கிடைத்தால் உற்பத்தி நிற்கும், பெயர் கெடும், தேடியவர் வேலைக்கு ஆபத்து. அதனால் தேடாமல் இருப்பதே எல்லோருக்கும் வசதி. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2004 இல் ஒன்பது உணவு ஆலைகளின் சுற்றுப்புறத்தைச் சோதித்தபோது எட்டில் இந்தக் கிருமி இருந்தது. இது மண்ணில் இருக்கிறது, தானியத்தில் இருக்கிறது, வீட்டுத் தூசியில்கூட இருக்கிறது. போரடிக்கும் நாளில் காற்றெல்லாம் உமியும் தூசியுமாக இருக்கும் நம் நாட்டில் ஓர் ஆலைக்குள் அது ஒருபோதும் வராது என்று யாராவது சொன்னால், அவர் தேடவில்லை என்றே நான் புரிந்துகொள்வேன். ஆண்டு முழுவதும் ஒரு ஸ்வாப்பில்கூடக் கிருமி சிக்காத ஆலையின் பதிவேட்டை உங்கள் அதிகாரிகள் பாராட்டக் கூடாது, சந்தேகிக்க வேண்டும்.

பிரான்ஸ் நாடு இதைக் குழந்தைகளின் நோயைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது. 2017 இன் பிற்பகுதியில் லாக்டாலிஸ் நிறுவனத்தின் கிரான் ஊர் ஆலையில் செய்த பவுடரால் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சால்மொனெல்லா நோய் வந்தது. 83 நாடுகளிலிருந்து ஒரு கோடியே 20 லட்சம் டப்பாக்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஆராய்ந்தபோது இரண்டு செய்திகள் வெளிவந்தன. அதே ஆலையில் 2005 இல் பல குழந்தைகளைத் தாக்கிய அதே வகைக் கிருமி 12 ஆண்டுகள் அங்கேயே குடியிருந்திருக்கிறது. இடையில் ஆலை கைமாறியது. கிருமி இடம் மாறவில்லை. இரண்டாவது செய்திதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. நோய் வெளிப்படுவதற்கு முன்பே, அந்த ஆகஸ்டிலும் நவம்பரிலும் ஆலையின் சொந்தச் சோதனையில் துப்புரவுக் கருவிகளிலும் தரையிலும் சால்மொனெல்லா கிடைத்திருந்தது. பவுடர் மாதிரிகள் சுத்தமாக இருந்தன. தரையில் கிடைத்ததை அரசுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் அன்றைய சட்டத்தில் இல்லை. அடுத்த ஆண்டே பிரான்ஸ் சட்டத்தைத் திருத்தி, ஆலையின் சுற்றுப்புறத்தில் ஆபத்தான கிருமி கிடைத்தாலும் அறிவிக்க வேண்டும் என்றாக்கியது.

அந்தச் செய்தியை வாசித்த நாளில் என் இரண்டு தட்டுகளும் கண் முன்னால் வந்து நின்றன.

ஓர் ஆலையின் இயந்திரத்துக்குள் கிருமி எப்படி ஒளியும் என்பதற்கு 1985 இல் பிரிட்டனில் நடந்ததைச் சொன்னால் போதும். குழந்தைப் பவுடரால் சால்மொனெல்லா பரவியது. டிரையரின் உள்தகட்டில் இருந்த ஓட்டை வழியே பவுடர் கசிந்து, சூடு காக்கும் உறையில் படிந்து, அங்கே கிருமி குடிகொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பளபளக்கும் எஃகு. தகட்டுக்குப் பின்னால் யாரும் பார்க்கவில்லை.

நான் கேட்பது இதுதான். குழந்தைப் பவுடரோ சாதாரணப் பால் பவுடரோ, எந்த ஆலையானாலும் உலர்பகுதியின் தரை, வடிகால், சல்லடையின் அடி, கூரைக்கு நேர் கீழே உள்ள இடங்கள் ஆகியவற்றை ஒழுங்காகச் சோதித்து, கிடைத்ததைக் கிடைத்தபடி உங்கள் துறைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியதற்காக எந்த ஆலைக்கும் அபராதம் விதிக்காதீர்கள், பெயரைப் பத்திரிகைக்குக் கொடுக்காதீர்கள். கிடைத்ததும் என்ன செய்தார்கள், எத்தனை நாளில் காயவைத்தார்கள், மறுசோதனையில் என்ன வந்தது என்று மட்டும் கேளுங்கள். மறைத்தவரையும், தேடாமலே தேடியதாக எழுதியவரையும் தண்டியுங்கள். ஒற்றும் இடத்தை ஆய்வகத்தில் இருப்பவரே தேர்ந்தெடுக்கட்டும். அதற்காக அவர் வேலை போகாது என்று எழுத்தில் இருக்கட்டும். நாடு முழுமைக்கும் விதி எழுதுவது தில்லியில் உள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையம் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு எழுத வேண்டியவர் நீங்கள். அதுவரை, ஆய்வுக்கு வரும் உங்கள் அதிகாரிகள் தம் கையாலேயே அந்த இடங்களில் ஒற்றி எடுப்பதை யாரும் தடுக்க முடியாது. வந்தவர்கள் துப்புரவுப் பெண்களோடும் பேச வேண்டும். எந்த இடம் காயாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

மின்வெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2000 மார்ச் 31 அன்று ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், ஸ்னோ பிராண்ட் நிறுவனத்தின் தைக்கி ஆலையில் சுமார் மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றது. கூரையிலிருந்து விழுந்த பனிக்கட்டி மின் அறையைக் கெடுத்துவிட்டது. குழாய்களிலும் தொட்டிகளிலும் இருந்த பால் வெதுவெதுப்பாக நின்றது. அதில் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி பெருகி நஞ்சைக் கக்கியது. மின்சாரம் வந்ததும் அந்தப் பாலைக் கொட்டாமல் பவுடராக்கினார்கள். அந்தப் பவுடரில் கிருமி எண்ணிக்கை வரம்பைத் தாண்டியிருந்தது. அதையும் வீணாக்க மனமில்லாமல் கரைத்து அடுத்த பேட்ச்சில் சேர்த்தார்கள். சூட்டில் கிருமி செத்தது, நஞ்சு சாகவில்லை. அந்த நஞ்சைக் கொதிநீராலும் போக்க முடியாது. அந்தக் கோடையில் ஒசாகா பகுதியில் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக விழுந்தார்கள். பாலின் விலையை அறிந்தவள் நான். ஒரு கிலோ கொழுப்பெடுத்த பவுடருக்குச் சுமார் 11 லிட்டர் பால் வேண்டும். கொட்டச் சொல்ல யாருக்கும் வாய் வராது. அதனால்தான் எத்தனை மணி நேரம், எத்தனை டிகிரி ஆனால் கொட்டியே தீர வேண்டும் என்பதை அந்த நேரத்தில் அங்கே நிற்கும் ஒரு ஷிப்ட் பொறுப்பாளரின் மனத்திடத்துக்கு விட்டுவிடக் கூடாது. அது முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். பால் சொசைட்டியின் குளிரூட்டும் தொட்டிக்கும் அதே விதிதான். எங்கள் ஊர்ப் பக்கம் புயல் மழையில் கம்பி அறுந்தால் எத்தனை நாள் இருட்டு என்பது உங்களுக்குத் தெரியும். கொட்டிய பாலுக்கு உற்பத்தியாளருக்குப் பணம் கிடைக்கும் என்று உறுதி இருந்தால்தான் கெட்ட பாலை யாரும் கேனில் ஒளிக்க மாட்டார்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிப் போன பிறகு, நான் விடுப்பு எடுத்துக்கொண்டு உறவினர்களைப் பார்க்க அந்தப் பக்கம் போனேன். ஒரு பள்ளிக்கூட முகாமில் அரிசி, பாய், மெழுகுவர்த்தியோடு பால் பவுடரும் குவிந்திருந்தது. அன்போடு அனுப்பியவர்களை நான் குறை சொல்லவில்லை. விறகெல்லாம் ஈரம், மின்சாரம் இல்லை, தண்ணீர் லாரியில் வந்தது. அந்தத் தண்ணீரில் ஒரு தாய் கைக்குழந்தைக்குப் பவுடரைக் கரைத்துக்கொண்டிருந்தாள். பேரிடரில் கைக்குழந்தைகளுக்கான பவுடரை நன்கொடையாக வாங்கி எல்லோருக்கும் வாரிக் கொடுக்கக் கூடாது என்று சர்வதேச வழிகாட்டுதலே இருக்கிறது. உண்மையில் தேவைப்படும் குழந்தைக்கு மட்டும், கொதிநீருக்கும் வழி செய்து, சுகாதாரப் பணியாளர் கையால் கொடுக்க வேண்டும். அடுத்த புயலுக்கு முன் மாவட்ட ஆட்சியர்களுக்கு இதை எழுதுங்கள்.

டப்பாவில் உள்ள வாசகத்துக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2007 இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: 70 டிகிரிக்குக் குறையாத நீரில் பவுடரைக் கலக்க வேண்டும். கொதித்து இறக்கிய நீர் அரை மணி நேரத்துக்குள் இருந்தால் சரி. கலந்த பிறகு பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்துச் சட்டென்று ஆற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காததைக் கொட்டிவிட வேண்டும். சில சத்துகள் சூட்டில் குறையும் என்பதும், கை சுட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதும் எதிர்வாதங்கள். அவற்றையெல்லாம் எடைபோட்ட பிறகே அந்த நிறுவனம் இப்படிச் சொன்னது. தாய்ப்பாலே சிறந்தது என்ற வரியை டப்பாவில் அச்சிட வைத்தது 1992 ஆம் ஆண்டின் சட்டம். அந்த வரிக்குக் கீழே, கொதித்து அரை மணிக்குள் கலக்கவும் என்று தமிழில் இன்னொரு வரி வர வேண்டும். ஆலையின் குற்றத்தைத் தாயின் அடுப்பில் திருத்தச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஆலை திருந்தும் வரை குழந்தை காத்திருக்க முடியாது.

மருத்துவர்கள் பக்கத்திலும் ஒரு கதவு திறக்க வேண்டியிருக்கிறது. 2022 இல் அமெரிக்காவின் ஸ்டர்ஜிஸ் ஊரில் அபாட் நிறுவனத்தின் குழந்தைப் பவுடர் ஆலை மூடப்பட்டது. நோயுற்ற நான்கு குழந்தைகளில் இருவர் இறந்த பிறகு நடந்த ஆய்வில், ஆலையின் பல இடங்களில் குரோனோபாக்டர் கிடைத்தது. குழந்தைகளிடம் கண்ட வகையோடு அது பொருந்தவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என் கண்ணில் பட்டது வேறொன்று. அந்த நான்கில் முதல் குழந்தை மினசோட்டா மாநிலத்தில் இருந்தது. இந்த நோயைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்ற விதி அப்போது அந்த ஒரு மாநிலத்தில்தான் இருந்தது. மற்ற இடங்களில் எத்தனை குழந்தைகள் கணக்கில் வராமல் போயிருக்கும்? 2024 முதல் அமெரிக்கா இதைத் தேசிய அளவில் அறிவிக்க வேண்டிய நோயாக்கிவிட்டது. நம்மிடம் 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 35 ஆம் பிரிவு இருக்கிறது. உணவால் வரும் நோயைப் பற்றி மருத்துவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று ஆணையிடும் அதிகாரம் அதில் உண்டு. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் என்றால், என்ன கிருமி, என்ன பால் குடித்தது, டப்பாவின் பேட்ச் எண் என்ன என்ற மூன்றையும் தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் மயிலாடுதுறையிலும் எழுதி வைக்கத் தொடங்கட்டும்.

என் தங்கையின் பேரப்பிள்ளை நலமாக இருக்கிறான். தாய்ப்பாலும் இப்போது ஓரளவு ஊறுகிறது. அந்த வீட்டில் கொதிநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடிகாரம் வைத்திருக்கிறார்கள்.

மேட்டூரில் தண்ணீர் திறந்தால் எங்களுக்குச் சாகுபடிக் கணக்கு தொடங்கும். ஆலைகளுக்கான கணக்கு புரட்டாசியிலேயே தொடங்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வோர் ஆலையின் கூரைக்கும் உங்கள் அதிகாரி ஒருவர் ஏறிப் பார்க்கட்டும். எங்கள் ஆலையில் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட இடங்கள் இரண்டு: சல்லடையின் வலப்பக்கப் பின்கால், அறையின் தென்கிழக்கு மூலையில் உள்ள வடிகால். ஆலை எது என்பதை உங்கள் அலுவலகத்தில் நேரில் வந்து, என் கையெழுத்திட்ட அந்தப் பட்டியலோடு சொல்லத் தயாராக இருக்கிறேன். அழைக்கும் நாளில் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
குடமுருட்டிக் கரை, தஞ்சாவூர் மாவட்டம்.